கொழுந்துக்குக் காற்று, பிள்ளைகளுக்குத் தகரம்

எங்கள் தோட்டத்தில் கொழுந்துக்கு வேர்த்தால் யாரும் பொறுக்கமாட்டார்கள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் நீளமான வலைத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய பெரிய ஃபேன்களால் காற்று ஊதுவார்கள். மழை நாளில் அதே காற்றைச் சூடாக்கி ஊதுவார்கள். சுவரில் ஒரு வெப்பமானி தொங்கும். டீமேக்கர் ஐயா அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நடப்பார். கீழே இலை காய்கிற அறைக்கு ரப்பர் விறகு லொறி லொறியாக வந்து இறங்கும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக் காய வைக்க இன்னொரு கட்டடம். அங்கே சூடு கூடினாலும் குறைந்தாலும் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பான். மருந்துக் காம்பராவில் மருந்து வைக்க ஒரு ஃப்ரிட்ஜ். கோயிலுக்கு ஓட்டுக்கூரை. பிள்ளைமடுவத்துக்கு மட்டும் தகரம்.

நான் அந்தப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக வேலை பார்த்தேன். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் கொழுந்து நிறுக்க வரும்போது பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். அந்திக்கு வந்து தூக்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் என்னை ஆயா என்றார்கள், தாய்மார் அக்கா என்றார்கள், ஆபீஸில் வாயாடி என்றார்கள். மூன்றுமே எனக்குச் சம்மதம்தான்.

முதலில் மடுவத்துக்கும் ஓடுதான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை எடுத்த கொஞ்ச காலத்தில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் புதுக் காரை நிறுத்த ஒரு கொட்டகை கட்டினார்கள். அதற்குப் பழைய ஓடு வேண்டுமாம், பார்வைக்கு அழகாக இருக்குமாம். மடுவத்து ஓட்டை இறக்கிக்கொண்டு போய்விட்டு, எங்களுக்குத் தகரம் அடித்துக் கொடுத்தார்கள். ஓடு இறக்க வந்தவர்கள் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து ஆட்கள்தான். அதில் ஒருத்தன் என் முகத்தைப் பார்க்காமலே ஏணியில் ஏறினான். அவனுடைய பிள்ளையும் உள்ளே சேலைத் தொட்டிலில்தான் கிடந்தது.

தேயிலைத் தோட்டம் என்றாலே குளிர், ஸ்வெட்டர், பனி என்று நினைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் நுவரெலியாப் பக்கம். எங்கள் ஊரில் கஹவத்தை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். காலையில் வெயில் காயும், அந்திக்கு மழை கொட்டும், மழை விட்டதும் தரையிலிருந்து ஆவி கிளம்பும். பத்து மணிக்கெல்லாம் தகரம் வெடிக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பிக்கும். பிறகு ஒரு பிள்ளையும் தொட்டிலில் கிடக்காது. கழுத்தெல்லாம் வேர்க்குரு, தொடையெல்லாம் புண். ஒன்று அழத் தொடங்கினால் எல்லாம் சேர்ந்து அழும். சாக்குகளை நனைத்துக் கூரையில் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் காய்ந்து சுருண்டுவிடும். பலாமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் அட்டை கடிக்கும். ஸ்டோரிலிருந்து ஆபீஸுக்குப் போகும் கரண்ட் கம்பி எங்கள் கூரைக்கு மேலாகத்தான் ஓடியது. மடுவத்து முற்றத்திலேயே அதற்கு ஒரு போஸ்ட் நட்டிருந்தார்கள். உள்ளே ஒரு பல்பு கிடையாது. அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தோட்டத்து ஆட்கள் ஆபீஸுக்குள் போவதில்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்திக்கு வேலை முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு ஆபீஸ் வெளிச்சுவர் ஓரமாக வரிசையில் நிற்போம். துரை உள்ளே மேசையில் இருப்பார். மேசைக்குப் பக்கத்தில் பெரிய மர ஜன்னல், இரண்டு கதவும் திறந்திருக்கும். ஒவ்வொருவராகப் போய் அந்த ஜன்னலில் குறையைச் சொல்ல வேண்டும். கூரை ஒழுகுகிறது, கம்பளி கிடைக்கவில்லை, மகள் கல்யாணத்துக்கு லொறி வேண்டும். என் அம்மாவும் அங்கேதான் பேசினாள். ஜன்னல் சட்டம் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று இருக்கும். அதில் கையை ஊன்றிக்கொண்டு நின்றால் துரையின் முகம் நம் முகத்துக்கு நேரே வரும். வெளியே நிற்கிறோம் என்ற கோபம் எனக்கு உண்டு. ஆனாலும் கண்ணைப் பார்த்துப் பேசலாம், அது ஒன்று இருந்தது.

தகரம் ஏறிய நாளிலிருந்து நான் வெள்ளிக்கு வெள்ளி போனேன். துரைக்குத் தமிழ் அரைகுறை. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் நடுவில் கணக்கப்பிள்ளை வந்து என் பேச்சுக்கு வெள்ளையடிக்க வழி இல்லாமல் போயிற்று.

"ஓட்டைத் திருப்பிக் குடுங்க தொரை. புள்ளைங்க வேகுதுங்க" என்பேன்.

"பலமு" என்பார். சிங்களத்தில் பார்ப்போம் என்று அர்த்தம். போன வெள்ளியும் பலமு, இந்த வெள்ளியும் பலமு. நான் மடுவத்தில் அவரை மாதிரிப் பேசிக் காட்டிக் காட்டி, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகள்கூட 'பலமு பலமு' என்று கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு தடவை விடாமல் கேட்டேன்: "கொழுந்து மாடியில சூடு ஏறினா இப்பிடித்தான் பலமுன்னு சொல்லுவீங்களா?"

"கொழுந்து கெட்டுப்போகும்" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. பொறுமையாக, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். அவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்கிறது. அவர்மேல் எனக்கு மிச்சமிருந்த மரியாதையும் அன்றோடு போய்விட்டது.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒருத்தி இருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாள். இரட்டை மூக்குத்திக்காரி என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை என்று போனவன், தீபாவளிக்கு மட்டும் வருவான். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது.

மழை பொய்த்த ஒரு மாதத்தில், மத்தியான நேரம், அந்தப் பிள்ளைக்குக் கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டால் உடம்பு நெருப்பு. மற்றப் பிள்ளைகளை மூத்த பெண் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, மருந்துக் காம்பராவுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே ஈரத்துணி சுற்றி, தோட்டத்து லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாய் மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்து, கூடையைக் கழற்றாமலே லொறியில் ஏறினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சூட்டில் மறுபடி வைத்தால் மறுபடி வரும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அக்கா, இனி நான் புள்ளைய விட்டுட்டு மலைக்குப் போகமாட்டேன். பேர வெட்டினா வெட்டட்டும்" என்றாள்.

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும், காம்பராவும் போகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? ஒன்று பிள்ளை, இல்லாவிட்டால் குடியிருக்கும் இடம். ஒரு தாயை இப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்கிற கூரையை நினைத்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"இந்த வெள்ளிக்கிழம மட்டும் பொறு. நான் பேசிட்டு வாறேன்."

"பலமுன்னு சொன்னா?"

"சொல்லிப் பாக்கட்டும்" என்றேன்.

வெள்ளிக்கிழமை போனால் ஜன்னல் இல்லை. மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு முழுதாகக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கு மேலே சுவரை உடைத்து ஒரு இரும்புப் பெட்டியைச் செருகியிருந்தார்கள். ஏசி வந்துவிட்டது. உள்ளே குளிரை விட்டுவிட்டு, அதன் சூட்டை வரிசையில் நின்ற எங்கள் தலைமேல் ஊதியது அந்தப் பெட்டி. தண்ணீர் வேறு சொட்டியது. கண்ணாடியின் அடியில், என் இடுப்பு உயரத்தில், பிறைபோல ஒரு சின்ன ஓட்டை வெட்டியிருந்தார்கள்.

"அதுல குனிஞ்சு பேசு, அப்பத்தான் தொரைக்குக் கேக்கும்" என்றார் ஆபீஸ் கிளாக்கர் ஐயா, வராந்தாவில் நின்றுகொண்டு. அவரும் தமிழர்தான்.

"கண்ணாடியத் தொறங்க."

"தொறந்தா குளிர் வெளிய போயிரும்."

"கொழுந்தெடுக்கக் குனியிறோம், புல்லு வெட்டக் குனியிறோம், சாமி கும்பிடவும் குனியிறோம். பேசுறதுக்கு நான் குனியமாட்டேன்."

கண்ணாடியைத் தட்டினேன். துரை தலை நிமிர்ந்து, பொறு என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். அவர் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களில் சிலர் குனிந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அதில் ஒருத்திக்கு மாமியார் இறந்து, சவப்பெட்டிக்குப் பலகை வேண்டியிருந்தது.

அன்று பீலித் தண்ணீரில் குளிக்கும்போது இதே பேச்சுதான். உள்ளே எப்படி இருக்குமாம் என்று ஒருத்தி கேட்டாள். ஆபீஸ் கூட்டுகிறவள் சொன்னாள், மார்கழி மாதம் விடியக் காலையில் தலை முழுகின மாதிரி இருக்குமாம். "அப்ப நம்ம புள்ளைங்கள அங்க கொண்டுபோய்ப் படுக்க வச்சிருவமா?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். இரட்டை மூக்குத்திக்காரி சிரிக்கவில்லை.

"ஏன், போனா என்ன?" என்றாள்.

சிரிப்பு நின்றுபோயிற்று. துணி பிழிந்து முடிவதற்குள் திங்கட்கிழமை போவது என்று நாள் குறித்துவிட்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுத்ததும் பெண்கள் நேரே மடுவத்துக்கு வந்தார்கள். உட்கார்ந்து பால் கொடுக்கவில்லை. அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். தாய் வராத பிள்ளைகளை நான் இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகச் சுமந்தேன். ஆபீஸ் படி ஏறி, வாசலுக்கு வந்ததும் எல்லாரும் நின்றோம். நின்று, செருப்பைக் கழற்றினோம். சண்டைக்குப் போகிறவர்கள் செருப்பை வரிசையாக விட்டுவிட்டுப் போனது உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். நானும் கழற்றினேன். பழக்கம்.

கதவைத் தள்ளினதும் குளிர் முகத்தில் அடித்தது. துரை எழுந்து நின்று "மொக்கத மே?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். பதில் சொல்லும் முன்பே பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்துத் தரையில் விரித்து, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டார்கள். மேசைக்குக் கீழேகூட இரண்டு பிள்ளைகள்.

"தொரை, கொழுந்து கெட்டுப்போகும்னு சொன்னீங்க. இதுங்களும் கெட்டுப்போகுதுங்க. மடுவத்துக்குக் கூரை வர்ற வரைக்கும் மத்தியானம் இங்கதான் படுக்குங்க" என்று அவருடைய சிங்களத்திலேயே சொன்னேன்.

கிளாக்கர் ஐயா ஓடிவந்து, "வெளிய போங்கடி" என்று கத்தினார். ஒரு பிள்ளை திடுக்கிட்டு அழுதது. "சத்தம் போடாதீங்கய்யா, இப்பத்தான் கண்ண மூடுது" என்று அதன் தாய் அவரை அதட்டினாள். பாவம், அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. தகரம் அடித்த நாளுக்குப் பிறகு அத்தனை பிள்ளைகளும் மத்தியானத்தில் ஒன்றாகத் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வேர்க்குருக் கழுத்துகள் தளர்ந்து, கைகளை விரித்துப் போட்டுத் தூங்கின. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில். இவ்வளவுதான் வேண்டியிருந்தது, இதைக் கொடுக்கவா இத்தனை வெள்ளிக்கிழமை.

கொஞ்ச நேரத்தில் இரட்டை மூக்குத்திக்காரி தன் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"தொரை, ரொம்பக் குளிருது. கொஞ்சம் கொறைங்க."

அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, எழுந்து போய்ப் பெட்டியின் திருகைத் திருப்பிக் குறைத்தார். குறைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. டெலிபோனைத் தூக்கி, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். அதையும் மெல்லிய குரலில்தான் சொன்னார்.

போலீஸ் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினாலே பாதியில் இறக்கி, தமிழா என்று அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். என் பயம் அவருக்குத் தெரியக் கூடாது என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"வரச் சொல்லுங்க தொரை. எங்களத் தூக்கிட்டுப் போகட்டும். இந்தப் புள்ளைங்களத் தூங்க வைக்கிறது யாருன்னும் கேட்டுச் சொல்லுங்க."

அவர் டெலிபோனை வைத்துவிட்டார்.

அன்று அந்திக்கே என் வேலையை நிறுத்தினார்கள். சங்கத் தலைவர் லயத்துக்கு வந்து, "தங்கச்சி, ஜன்னல்ல போய் ஒரு மன்னிப்புக் கேட்டுரு, எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

"எந்த ஜன்னல்ல? குனியிற ஜன்னல்லயா?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மடுவத்துக்கு வேறொருத்தியை ஆயாவாகப் போட்டார்கள். நல்லவள்தான். காலையில் தாய்மார் பிள்ளைகளை அவளிடம் கொடுத்தார்கள். மத்தியானம் ஆனதும் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்கள். கதவைத் தாழ்ப்பாள் போட்டால் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது உள்ளே போகவோ வரவோ கதவைத் திறக்கத்தானே வேண்டும்? திறந்ததும் உள்ளே போய்விடுவார்கள். திறந்து மூடி, திறந்து மூடி அந்த அறைக்குள் குளிர் நிற்கவே இல்லை. பெட்டி உறுமிக்கொண்டே கிடந்தது, துரைக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மழை திரும்பிக் கொழுந்து நாலு மடங்கு வருகிற மாதத்தில் பெண்களைப் பேர் வெட்டவும் அவரால் முடியாது.

கடைசியில் ஒரு காலை பங்களாப் பக்கமிருந்து லொறி இறங்கியது. உள்ளே ஓடு. மூலையில் பாசி பிடித்த, எங்களுடைய அதே ஓடு. தகரத்தைக் கழற்றி, திரும்பிப் போன லொறியில் ஏற்றினார்கள். அது எங்கே போகிறது என்று கேட்டேன். கார் கொட்டகைக்கு என்றான் டிரைவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஆனால் என்னை மறுபடி மடுவத்தில் சேர்க்கவில்லை. ஓட்டுக்கு அதுதான் அவர்கள் வைத்த விலை, மலைக்கு வேண்டுமானால் போகலாம் என்றார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாலாட்டு என்று தெரிந்த எனக்குக் கொழுந்தெடுக்கத் தெரியாது. கை மந்தம், கங்காணியின் ஏச்சு வேறு. இரட்டை மூக்குத்திக்காரி எனக்கு அடுத்த நிரையைப் பிடித்துக்கொண்டாள். கங்காணி திரும்பும் நேரம் பார்த்துத் தன் கைக்கொழுந்தை என் கூடையில் போடுவாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் நான் திட்டுவேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் பிள்ளைக்கு அந்த இழுப்பு மறுபடி வரவே இல்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் கதவு வழியாகவே போய்ப் பேசத் தொடங்கினார்கள். போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. ஆண்கள் கொஞ்ச காலம் அந்த ஓட்டையில் குனிந்துகொண்டிருந்தார்கள், பிறகு அவர்களும் எங்கள் பின்னால் வந்தார்கள்.

வருஷங்கள் போயின. அந்தத் துரை மாறிப் போனார். ஏசிப் பெட்டி துருப்பிடித்துச் செத்துப்போய், அதற்குள் அணில் குட்டி போட்டது. புதிதாக வந்த துரை கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஜன்னலுக்கு மரக்கதவு போட்டார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் புதுக் கிளாக்கர் அறிவித்தார்: இனிமேல் எல்லாரும் பழையபடி ஜன்னலுக்கு வரலாம், கதவு ஸ்டாஃபுக்கு மட்டும். நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் இரட்டை மூக்குத்திக்காரியும் போனோம். மடுவத்துக்கு அப்போதும் கரண்ட் இல்லை. ஜன்னல் இரண்டு கதவும் திறந்து கிடந்தது. கிளாக்கர் உள்ளேயிருந்து, "இங்க வாங்கம்மா, இங்க" என்று கையை ஆட்டினார். நாங்கள் அதைத் தாண்டி வாசலுக்குப் போனோம். அவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினாள். நான் கழற்றவில்லை.

துரை என் காலையும் தரையில் விழுந்த சேற்றையும் பார்த்தார். பிறகு, "என்ன விஷயம்?" என்றார்.

"மடுவத்துக்கு ஃபேன் போடணும் தொரை. கம்பி கூரைக்கு மேலதான் போகுது."

"பலமு" என்றார்.

அவர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. எங்களில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. நான் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாருங்க தொரை" என்றேன். "நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."